நம் கதைகளில் சிறப்புக் குழந்தை எங்கே இருக்கிறான்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆறு வயது மகன். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை ஆண்டு ஆகிறது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. மாமியார் அவனைத் 'தெய்வக் குழந்தை' என்கிறார். கோலாலம்பூர் செந்தூலில் உங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டுப் பெரியவர் 'போன ஜென்மத்துப் பாவம்' என்கிறார். நம் இலக்கியத்திலும் பழைய கதைகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் வருகிறார்களா, அவனுக்குச் சொல்ல ஒரு கதை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் இலக்கியக் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது: தெய்வமும் வேண்டாம், பாவமும் வேண்டாம், இவனை ஒரு பிள்ளையாகப் பார்த்த கதை நம்மிடம் ஒன்றாவது இருக்கிறதா? அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பினாங்கில், முதலில் தீவிலும் அப்புறம் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலும், முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கடைசிப் பதினோரு ஆண்டு சிறப்புக் கல்வி வகுப்பு. படித்தது தமிழ் இலக்கியம். பாட்டையும் கதையையும் பற்றித் துணிந்து பேசுவேன், வகுப்பில் கண்டதைக் கண்டபடி சொல்வேன். மருத்துவம் என் துறை இல்லை. மகனின் சிகிச்சை, பயிற்சி பற்றி உங்கள் டாக்டரும் தெரபிஸ்டும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். இன்று 'சிறப்புக் குழந்தை' என்கிறோம். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியிடம் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஒரு பட்டியல் சொல்கிறார்: 'சிறப்பில் சிதடும், உறுப்பில் பிண்டமும், கூனும், குறளும், ஊமும், செவிடும், மாவும், மருளும்'. பார்வையின்மை, உருவமற்ற தசைப்பிண்டம், கூன், குள்ளம், பேசாமை, கேளாமை, விலங்கு போன்ற வடிவம், அறிவு மயக்கம். எட்டையும் சேர்த்து 'எண்பேர் எச்சம்' என்று பெயர். பட்டியல் தொடங்கும் சொல்லைப் பாருங்கள், 'சிறப்பில்', அதாவது சிறப்பு இல்லாத. இன்றைக்கு அதே சொல்லைத் திருப்பிப்போட்டு இந்தப் பிள்ளைகளுக்கே சூட்டியிருக்கிறோம். 'கூன் குருடு செவிடு பேடு நீங்கிப் பிறத்தல் அரிது' என்று ஒளவையார் பேரில் வழங்கும் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த அடியைப் பள்ளிக்கூட மேடையில் பிள்ளைகள் உரக்கச் சொல்லும்போது, என் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு பிசையும். நம் இலக்கியத்தில் இந்தப் பிள்ளைகள் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் பட்டியலாகத்தான் இருக்கிறார்கள், முகம் இல்லை. அதே பட்டியல் மணிமேகலையிலும் வருகிறது, அங்கே அது சோற்றுக்கு அழைப்பு. பெற்றவள் போட்டுவிட்டுப் போய், ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்த ஆபுத்திரன், மதுரையில் பிச்சை எடுத்து வந்த சோற்றுக்கு முதலில் கூப்பிடுவது 'காணார், கேளார், கால்முடப்பட்டோர்' என்றுதான். தள்ளிவிடப்பட்ட பிள்ளைக்கு யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கீழ்வீட்டுப் பெரியவரின் பேச்சுக்கு வருவோம். பழைய கதைகள் பெரும்பாலும் யார் குற்றம் என்றுதான் தேடுகின்றன. மகாபாரதத்தின் வனபருவத்தில் அஷ்டவக்கிரன் கதை வருகிறது. தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பா கஹோடர் வேதம் ஓதுவதில் பிழை இருக்கிறது என்று பிள்ளை சொல்லிவிடுகிறான். சீடர்கள் முன்னால் அவமானப்பட்ட அப்பா சபிக்கிறார், உடம்பு எட்டு இடத்தில் கோணிப் பிறக்கிறான். நன்றாகக் கவனியுங்கள். இந்தக் கதையில் பிள்ளை போன ஜென்மத்தில் எதுவும் செய்யவில்லை. ஓர் அப்பாவின் கோபம், அவ்வளவுதான். காந்தாரி கதையில் குற்றம் அம்மா பக்கம் போகிறது: இரண்டு ஆண்டு கர்ப்பம், குந்திக்கு முதலில் பிள்ளை பிறந்த சேதி கேட்ட ஆற்றாமையில் வயிற்றில் அடித்துக்கொள்கிறாள், இரும்புபோல் ஒரு தசைப்பிண்டம் விழுகிறது. ஆக, குற்றவாளி ஒருவர் வேண்டும். கதைக்கு அது தேவை. பழைய காலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1943-இல் கேனர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்தார். அதற்குப் பிறகு 1950-களிலும் 60-களிலும், பாசத்தில் குளிர்ந்துபோன அம்மாக்கள்தான் இதற்குக் காரணம் என்று படித்த மருத்துவர்களே பேசினார்கள். அது தவறு என்று பின்னால் கைவிடப்பட்டது. காந்தாரி கதைதான் வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. அதனால் யாராவது உங்களைப் பார்த்துப் பாவம், சாபம் என்றால், அது உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தி இல்லை, கதை சொல்லும் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் வளர்ப்பினால் வருவதில்லை. இதில் மட்டும் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

பிண்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இங்கே பினாங்கில் எங்கள் பக்கத்துச் சீன வீட்டுப் பாட்டி நெஜா என்ற பிள்ளைத் தெய்வத்தைக் கும்பிடுவார். அந்தத் தெய்வம் மூன்றரை ஆண்டு வயிற்றில் இருந்து சதை உருண்டையாகப் பிறந்தது. அப்பா வாளால் வெட்டினார், உள்ளேயிருந்து பிள்ளை வந்தான். அதைக் கேட்டபோது எனக்குப் புறநானூற்றின் 74-ஆம் பாட்டு சட்டென்று வந்தது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் பாடியது: 'குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும் ஆள் அன்று என்று வாளின் தப்பார்'. குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், 'இது ஆள் இல்லை' என்று சொல்லி விட்டுவிடமாட்டார்கள், வீரனுக்கு உரிய வாள்வெட்டு அதற்கும் உண்டு. வழக்கம் கொடூரமானது, மறுக்கவில்லை. ஆனால் 'ஆள் அன்று' என்று சொல்லமாட்டார்கள் என்ற ஒரு தொடர் அதற்குள் இருக்கிறது. புலவர்கள் இதை மானத்தைப் பற்றிய பாட்டாகத்தான் படிப்பார்கள், அதுவே சரியான படிப்பு. நான் சொல்வது என் சொந்தப் பிடிமானம்.

மாமியார் சொல்லும் 'தெய்வக் குழந்தை'க்கு வருகிறேன். அவர் அன்பில்தான் சொல்கிறார், சந்தேகமே இல்லை. மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் குடித்துத் 'தோடுடைய செவியன்' பாடிய சம்பந்தர் நம் ஊர் மேடைகளில் எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையிலோ பத்துமலையிலோ கரும்புத் தொட்டில் சுமந்து போகும் பெற்றோருக்கும் பிள்ளை என்றால் சாமி கொடுத்தது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். தெய்வக் குழந்தை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு நாள் அற்புதம் காட்ட வேண்டியிருக்கிறது. அஷ்டவக்கிரனையே எடுங்கள். அவன் ஜனகன் சபைக்குப் போய், வாசல்காரனோடு வாதாடி உள்ளே நுழைந்து, பந்தி என்ற பண்டிதனைத் தோற்கடித்து, தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்ட தன் அப்பாவையே மீட்டு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா அவனை சமங்கை ஆற்றில் குளிக்கச் சொல்கிறார், உடம்பு நிமிர்கிறது. எவ்வளவு பெரிய விலை! கோணலாகவே வீட்டுக்குத் திரும்பி, கோணலாகவே அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட அவனுக்குக் கதையில் இடம் இல்லை. அற்புதம் காட்டிய பிள்ளைக்கும் எப்போதும் நல்லகாலம் என்றில்லை. உங்கள் மகன் பள்ளியில் படிக்கப்போகும் மலாய்க் கதை ஒன்று உண்டு: தோடாக் என்ற கூர்மூக்கு மீன்கள் சிங்கப்பூரைத் தாக்கியபோது வாழைத்தண்டால் அரண் கட்டச் சொல்லி ஊரைக் காப்பாற்றிய சிறுவன். மக்கள் வழக்கில் அவன் பெயர் ஹாங் நாடிம். அந்த அறிவுக்குப் பயந்து அரசன் அவனைக் கொன்றுவிடுகிறான்.

ஐரோப்பிய நாட்டார் கதைகளில் வேறொரு வழி. தேவதைகள் உண்மையான பிள்ளையைத் திருடிக்கொண்டு, பேசாத, சிரிக்காத, சாப்பிட்டும் தேறாத தங்கள் பிள்ளை ஒன்றைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடும். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் அம்மா முட்டை ஓட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிறாள், மாற்றுப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிடுகிறது, உடனே அவள் பிள்ளை திரும்பி வந்துவிடுகிறான். குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து மக்கள் கண்ட விளக்கம் இது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சில கதைகளுக்குப் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது, நோயில் விழுந்த பெரியவர்களையும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் மனசு எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்பு வாசலில் நின்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள்: 'டீச்சர், என் பையன் உள்ளேதான் இருக்கான். பேச்சு மட்டும் வந்துட்டா வெளியே வந்துடுவான்.' உண்மையான பிள்ளை வேறு எங்கோ இருக்கிறான் என்ற ஏக்கம். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது அவன் அங்கேயே, அவர்கள் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்தது நம்மாழ்வார் கதை. திருக்குருகூரில் காரியாருக்கும் உடைய நங்கைக்கும் பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. உலகத்து இயல்புக்கு மாறாக இருந்ததால் 'மாறன்' என்று பெயர் வைத்தார்கள் என்பது வழக்கு. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் வருவதற்கு எவ்வளவோ முன்னால் வைத்த பெயர். பெற்றோர் அவனைக் கோயில் புளியமரத்தடியில் விட்டார்கள். பதினாறு ஆண்டு அங்கேயே, ஒரு பேச்சும் இல்லை. அப்போது வடநாட்டு யாத்திரையில் இருந்த மதுரகவி ஆழ்வார் தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு நடந்து நடந்து குருகூர் வந்து சேர்கிறார். வயதில் மிகவும் பெரியவர். வந்தவர் என்ன செய்தார்? பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். காது கேட்கிறதா என்று. பிள்ளை கண் திறந்தான். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்: 'செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?' பதில் வந்தது: 'அத்தைத் தின்று அங்கே கிடக்கும்.' உயிரற்ற உடம்புக்குள் உயிர் வந்தால் எதை உண்டு எங்கே இருக்கும் என்பது கேள்வியின் பொருள் என்று உரைகாரர்கள் விரிப்பார்கள்.

இதில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். திருவாய்மொழி பாடிய குருகூர்ச் சடகோபன், அதாவது நம்மாழ்வார், இருந்தது உறுதி, தன் பெயரைப் பாட்டிலேயே சொல்கிறார். மதுரகவி அவரைப் பற்றிப் பாடிய பதினொரு பாட்டும் நம் கையில் இருக்கின்றன, 'தேவு மற்று அறியேன்' என்று வேறு தெய்வத்தையே பாடாமல் இந்தப் பிள்ளையை மட்டும் பாடியிருக்கிறார். புளியமரம், பதினாறு ஆண்டு மௌனம், கல், கேள்வி எல்லாம் நூற்றாண்டுகள் கழித்து எழுதிய குருபரம்பரை நூல்கள், அதாவது வைணவ குருமார்களின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள், சொல்பவை. சில பேர் இணையத்தில் 'நம்மாழ்வாருக்கு ஆட்டிசம்' என்று எழுதுகிறார்கள். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் கூடாது. வைணவர்களுக்கு அவர், பிறக்கும்போது அறிவை மறைக்கும் சடம் என்ற வாயுவை வென்று பிறவியிலேயே ஞானியாக இருந்தவர், அந்த நம்பிக்கைக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஆனால் கதையை ஓர் ஆசிரியையாகப் படிக்கும்போது என் கண் பிள்ளையிடம் போவதில்லை, மதுரகவியிடம் போகிறது. பதினாறு ஆண்டில் அந்த மரத்தடிக்கு எத்தனை பேர் வந்து 'பேர் என்ன? அப்பா எங்கே?' என்று கேட்டிருப்பார்கள்! இவர் ஒருவர்தான் முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார், அப்புறம் அந்தப் பிள்ளை பதில் சொல்ல விரும்பும் கேள்வியைக் கேட்டார். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் அதே வரிசைதான், முதலில் காதைச் சோதியுங்கள் என்பார்கள். இதைப் படித்த எல்லாரும் ஒளியையும் அற்புதத்தையும் பேசுகிறார்கள், கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே தாமிரபரணிக் கரையில், குருகூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீவைகுண்டம். அங்கே 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை பேச்சு இல்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிடந்தார்கள், பேச்சு வந்தது, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. இங்கும் கடைசியில் அற்புதம்தான், மறுக்கவில்லை. உங்களையும் யாராவது திருச்செந்தூருக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். போக ஆசை இருந்தால் போய் வாருங்கள், தெரபி வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. இவர்தான் பின்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் எழுதினார், வைத்தீசுவரன்கோயில் முருகனுக்கும் ஒரு பிள்ளைத்தமிழ் எழுதினார். பிள்ளைத்தமிழ் என்றால் என்ன? தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பருவம் பருவமாகப் பாடும் நூல். ஐந்தாம் மாதம் செங்கீரை, தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, கை கொட்டுவது. பதினொன்றில் முத்தம். ஓராண்டு தாண்டினால் வாரானை, தளர்நடை போட்டு வருவது. நூலுக்கு நூல் மாதம் கொஞ்சம் மாறும். கிளினிக்கில் நமக்குக் கொடுக்கும் குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் எந்த மாதம் என்ன செய்கிறது என்று நர்ஸ் டிக் போடுவாரே, கிட்டத்தட்ட அதே வரிசை. பேச்சு என்ற கட்டத்தில் ஐந்து ஆண்டு டிக் விழாத பிள்ளை வளர்ந்து, அந்தக் கட்டங்களையே தமிழின் மிக அழகான பாட்டாக்கியிருக்கிறார். சப்பாணி என்ற சொல்லையும் பாருங்கள். கை கொட்டும் பருவத்துக்கும் அதுதான் பெயர், நடக்க முடியாதவரையும் ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் இவை எல்லாம் உங்களுக்கான கதைகள். ஆறு வயதுப் பையனுக்குச் சொல்ல ஒன்று வேண்டும் இல்லையா? நான் அத்திரிபாச்சா கொழுக்கட்டையைச் சொல்வேன். தெரிந்த கதைதான்: மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடக் கூடாதே என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான், அந்த நொடியில் பெயர் மாறிவிடுகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தா என்கிறான். அவளுக்குப் புரியவில்லை, அடித்துவிடுகிறான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று அவன் அம்மா பதற, 'அதேதான், கொழுக்கட்டை!' என்கிறான். இதைப் பல ஆண்டு முட்டாள் கதையாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அப்புறம் என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கேண்டீனுக்குப் போகும்போது 'மீ கோரேங், மீ கோரேங்' என்று சொல்லிக்கொண்டே போவான். ஒருநாள் நடைபாதையில் யாரோ 'ஓடாதே!' என்று அதட்டினார்கள். கேண்டீன் அக்கா முன்னால் போய் நின்று 'ஓடாதே, ஓடாதே' என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குப் பசி, கையில் காசு இருக்கிறது, வார்த்தை மட்டும் போய்விட்டது, காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் அந்தக் கதையில் வாய்க்கால் தாண்டியவன் யார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தையை வீடு வரை பத்திரமாகக் கொண்டுபோகப் பாடுபட்ட ஒருவனைப் பார்த்து இத்தனை ஆண்டு சிரித்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு முடிவை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அடி கிடையாது. மனைவி, 'எப்படி இருந்தது? கையில காட்டுங்க' என்கிறாள். அவன் இரண்டு உள்ளங்கையையும் பிறைபோல் குவித்துக் காட்டுகிறான். 'உள்ளே என்ன இருந்தது?' 'இனிப்பு.' 'எண்ணெயா, ஆவியா?' இப்படிக் கேட்டுக் கேட்டு இருவரும் கொழுக்கட்டைக்கு வந்து சேர்கிறார்கள். நாட்டார் கதையை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறவர் மாற்றுவதால்தான் அது நாட்டார் கதை. கேண்டீன் அக்காவும் இந்தக் கதையைக் கேட்டார். மறுவாரமே மீ கோரேங், நாசி லெமாக், ரொட்டி சானாய் மூன்றின் படத்தையும் முகப்பில் ஒட்டிவிட்டார். அந்தப் பையன் விரலை வைத்துக் காட்டி வாங்கிக்கொண்டான்.

உங்கள் மகனுக்குச் சொல்லும்போது மாவைக் கையில் பிசைந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். 'அத்திரிபாச்சா' வரும்போது நிஜமாகவே ஒரு குதி குதியுங்கள், தரையில் ஒரு துண்டை வாய்க்காலாகப் போட்டால் போதும். பேச்சு வராத பிள்ளையும் அந்த இடத்தில் குதிக்கும், என் வகுப்பில் குதித்திருக்கிறார்கள். ஒரே கதையை நூறு முறை கேட்பான், சலிக்காமல் அதே சொற்களில் சொல்லுங்கள், அவனுக்கு அந்த வரிசைதான் பிடிமானம். என் வகுப்பின் அந்த மீ கோரேங் பையன் எப்படி என்றால், நான் மறதியில் கையை உருண்டையாகக் குவித்துவிட்டால் கதையை நிறுத்திவிடுவான். என் விரல்களைப் பிடித்துப் பிறைபோல் வளைத்துவிட்டு, 'அது மோதகம்' என்பான். அப்புறம்தான் மேலே சொல்ல விடுவான்.